ரப்பர் படகுக்கு நாமே செய்யும் மோட்டார் தாங்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் இருக்கிறேன். தோட்டத்துக் குட்டையில் ஓட்டுவதற்காக, காற்றடைக்கும் ரப்பர் படகு ஒன்றுக்கு மோட்டார் மாட்டும் தாங்கியை நானே செய்தேன். முதலாவது தோற்றது, இரண்டாவது சுமார், மூன்றாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் கேட்ட கேள்விகளைத் தொகுத்து, ஒரேயடியாகப் பதில் எழுதிவிட்டேன். ரப்பர் படகு என்று சொல்கிறோமே தவிர, கடையில் வாங்கும் சின்னப் படகுகள் பெரும்பாலும் பிவிசிதான். பழக்கத்துக்காக ரப்பர் படகு என்றே எழுதுகிறேன்.

ஒரு குட்டைக்கு மோட்டார் எதற்கு அண்ணே? துடுப்பு போதாதா?

சும்மா சுற்றிவர என்றால் துடுப்பே போதும். எனக்கு அதில் வேலை இருக்கிறது. காபி பூக்கிற மாசி, பங்குனியில் மழை ஏமாற்றினால் குட்டைத் தண்ணீரைத்தான் ஸ்பிரிங்க்ளரில் அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, பம்புக் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வில் பாசி அடைத்துக்கொள்ளும். நடுக்குட்டைக்குப் போய், குழாயைத் தூக்கி, வலையைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது காற்று படகை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகாயத்தாமரையைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுப்பது இன்னொரு வேலை. ஈரத்தோடு அதன் எடை என்ன என்பது இழுத்தவருக்குத்தான் தெரியும். துடுப்புப் போட்டு இழுத்துப் பார்த்தேன், படகு நின்ற இடத்திலேயே நின்றது, தோள்பட்டைதான் கழன்றது.

எந்தப் படகுக்கு இது பொருந்தும்?

பின்பக்கம் பலகை இல்லாமல் சுற்றிலும் உருண்டைக் காற்றுப்பையாக இருக்கும் படகுக்காகத்தான் இவ்வளவு பாடும். பின்னால் மரப்பலகை ஒட்டியே வரும் கனமான படகு வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. மோட்டாரை நேரே அதில் மாட்டிக்கொள்ளலாம். ஒற்றைப் பையாக ஊதும் குழந்தைகள் படகு வைத்திருப்பவர்களும் படிக்க வேண்டாம், வேறு காரணத்துக்காக. குறைந்தது இரண்டு தனித்தனி அறைகள் இருக்க வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று கரை சேர்க்கும்.

என் படகு 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், பையின் பருமன் 40 செ.மீ. கீழே நான் சொல்லும் அளவெல்லாம் இதற்கானது. உங்கள் படகுக்கு டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

கடையிலேயே தாங்கி விற்கிறார்களே?

விற்கிறார்கள். இன்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் சில மாடல்களுக்குக் குழாய்த் தாங்கி தருகின்றன. ஆனால் அதை மாட்டுவதற்கான பிடிகள் படகின் பின்புறத்தில் தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முதலில் படகைத் திருப்பிப் பாருங்கள். பிடிகள் இருந்தால் வாங்கிவிடுங்கள். வெல்டிங் பட்டறைக்கு அலைவதைவிட அது மேல். என் படகில் இல்லை.

எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும்?

மீன்பிடிப் படகுகளுக்கென்று வரும் 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டாரைச் சொல்கிறேன். அதன் பலத்தைக் குதிரைத்திறனில் சொல்வதில்லை, பவுண்டு உந்துவிசையில் சொல்கிறார்கள். படகு, ஆள், பேட்டரி, சாமான் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. மொத்தம் 250 கிலோ என்றால் 11, 12 பவுண்டு. ஆக 30 பவுண்டு மோட்டாரே தாராளம். 55 பவுண்டு வாங்கினால் படகு இரண்டு மடங்கு வேகமாகப் போகும் என்று நினைக்காதீர்கள். இந்த வடிவப் படகு வேக நடை அளவுக்குப் போகும், அதற்கு மேல் தண்ணீரைத்தான் மேடாகத் தள்ளிக்கொண்டிருக்கும். பெரிய மோட்டாரால் தாங்கிக்கு இரண்டு மடங்கு பாரம், பேட்டரிக்கு இரண்டு மடங்கு பசி. வேறு பலன் இல்லை.

தாங்கி என்ன வேலை செய்கிறது? மோட்டாரைப் பிடித்துக்கொண்டால் போதாதா?

இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நான் முதல் தாங்கியை இழந்தேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லோரும் மோட்டாரின் எடையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அது எட்டு ஒன்பது கிலோதான். தாங்கியைப் பிடுங்குவது தள்ளும் விசை. 30 பவுண்டு என்பது 13.6 கிலோ. அது தாங்கியின் மட்டத்திலிருந்து சுமார் 60 செ.மீ. கீழே, தண்ணீருக்குள் இருக்கும் விசிறியில் பிறக்கிறது. விசிறி முன்னால் தள்ளும்போது மோட்டாரின் அடிப்பகுதி முன்னால் போகப் பார்க்கும், தலைப்பகுதி பின்னால் சாயப் பார்க்கும். கடப்பாரையை மண்ணில் குத்தி நெம்புவது மாதிரி. தாங்கிக்குப் படகுக்குள் நீளும் இரண்டு பைப்புக் கைகள் உண்டு, அவற்றின் பின்முனையில் மோட்டார் மாட்டும் பலகை (அளவு கீழே சொல்கிறேன்). அந்தக் கைகளின் முன்முனை மேலே எழும்பும். மோட்டாரின் எடையும் பின்னால் தொங்குவதால் அதே திசையில்தான் உதவி செய்யும்.

எவ்வளவு எழும்பும்? 13.6 கிலோவை 0.6 மீட்டரால் பெருக்கினால் சுமார் 8. அதைக் கையின் நீளத்தால் வகுக்க வேண்டும். கைகள் 30 செ.மீ. நீளம்தான் என்றால் முன்முனையில் 27 கிலோ மேல்நோக்கி இழுக்கும். 90 செ.மீ. என்றால் 9 கிலோதான். அதே மோட்டார், அதே படகு, பாரம் மூன்றில் ஒரு பங்கு. கம்பிக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று கையைக் குட்டையாக வெட்டாதீர்கள்.

பின்னோக்கி ஓட்டும்போது எல்லாம் தலைகீழ். முன்முனை கீழே அமுங்கும், பின்பலகை படகை விட்டு விலகப் பார்க்கும். ஆகவே கட்டு இரண்டு திசைக்கும் வேண்டும். முன்னோக்கி மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு "நன்றாக நிற்கிறது" என்று வந்த நண்பர் ஒருவர், கரையில் மோதாமலிருக்க ரிவர்ஸ் போட்டபோது மோட்டாரைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

சரி, அளவுகளைச் சொல்லுங்கள். எதில் செய்வது?

சட்டம்: 25 மி.மீ. சதுர ஜிஐ பைப்பு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. 90 செ.மீ. நீளத்தில் இரண்டு கைகள், இடைவெளி 35 செ.மீ. இவை படகின் பின்பையைத் தாண்டி முன்னும் பின்னுமாகப் படுக்கும். முன்முனையில் குறுக்கே ஒரு பைப்பு, படகின் இரு பக்கப் பைகள் மேலும் உட்காரும் நீளத்துக்கு. என் படகுக்கு 1.3 மீட்டர். மேலிருந்து பார்த்தால் கால் நீண்ட "டி" எழுத்து மாதிரி தெரியும். மூலைகளில் முக்கோணத் தகடு வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். வெறும் முனைக்கு முனை வெல்டு, ஆட்டத்தில் விட்டுப்போகும்.

பலகை: கைகளின் பின்முனையில் நிமிர்ந்து தொங்க வேண்டும். அகலம் 35, உயரம் 35 செ.மீ. அதில் 10 செ.மீ. கைகளுக்கு மேலே, மோட்டாரின் கிளாம்ப் பிடிக்க. மீதி 25 கீழே, படகின் பின்பையோடு முதுகு சாய்ந்து நிற்க. இந்தக் கீழ்ப்பகுதிதான் முக்கியம். மோட்டார் தள்ளும் தள்ளலைப் பலகை அகலமாக வாங்கிப் பையின் வயிற்றில் கொடுக்கிறது. போல்ட்டும் பட்டையும் அதைத் தாங்க வேண்டியதில்லை. பையின் பாதி உயரத்தைத் தாண்டிப் பலகை இறங்கியிருக்க வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் பைக்கு மேல் வழுக்கி ஏறும்.

பலகையின் கனம் 24 மி.மீ. அதாவது 12 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும்போது பலகையில் ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஐஎஸ் 303 என்றிருந்தால் அது வீட்டு அலமாரிக்கு. வெட்டிய ஓரங்களில்தான் தண்ணீர் ஏறும், அதனால் ஓரங்களுக்கு மட்டும் மூன்று கோட்டிங் பெயிண்ட்.

"தோட்டத்தில் சில்வர் ஓக் கிடக்கிறதே, அதிலேயே அறுத்துக்கொள்ளலாமே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் இரண்டாவது தாங்கிக்கு அதைத்தான் போட்டேன். அறுக்கச் சுகமான மரம், பார்க்கவும் அழகு. ஆனால் ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் வெடிக்கும், அப்புறம் உளுக்கும். ஒரு மழைக்காலம்தான் தாக்குப்பிடித்தது. கிளாம்ப் இறுக்கிய இடத்தில் மரம் பஞ்சாகிவிட்டது.

போல்ட் எல்லாம் 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ். பலகைப் பக்கம் பெரிய வாஷர், நட்டு நைலான் உள்ளவை, இல்லையென்றால் மோட்டாரின் நடுக்கத்தில் தானாகக் கழன்று தண்ணீருக்குள் போய்விடும்.

தோட்டத்தில் மீந்த பிவிசி பைப்பில் செய்தால் என்ன?

பிளம்பிங் பைப்பு வளையும். அது வளைந்தால் மோட்டார் சாய்ந்து விசிறி தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வரும், காற்றை விழுங்கி உறுமும், படகு நகராது. வெயிலில் கிடந்த பழைய பைப்பு வளையாமல் ஒரே போடாக உடைந்துவிடும், அது இன்னும் மோசம். எடை குறைவாக வேண்டுமென்றால் அலுமினியச் சதுரக் குழாய் நல்லது. அதை வெல்டு செய்யும் ஆள் நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பதில்லை, போல்ட் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

தாங்கியைப் படகோடு எப்படிக் கட்டுவது? ஒரு தடவை இறுக்கிவிட்டால் போதுமா?

போதாது. மலையில் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

காற்றடைத்த படகு மூச்சுவிடும். இந்த மாதிரிப் படகுகளில் அடைக்கச் சொல்வது அரை முதல் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரைதான். சைக்கிள் டயரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். காலை 10 டிகிரிக் குளிரில் ஊதி வைக்கிறீர்கள். பத்து மணி வெயிலில் கரையில் கிடக்கும் படகின் உள்காற்று 35 டிகிரிக்குப் போனால், கணக்குப்படி அழுத்தம் இன்னும் ஒரு பிஎஸ்ஐ ஏறப் பார்க்கும். பை விரிந்து கொடுப்பதால் அவ்வளவு ஏறாது, ஆனால் தட்டினால் தவில் மாதிரி சத்தம் வரும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கிய ஐந்தாவது நிமிடம் தளர்ந்துவிடும். வெயிலில் இறுக்கிய கட்டு தண்ணீரில் தொங்கும். குளிரில் இறுக்கிய கட்டு வெயிலில் பையை அறுக்கும்.

உயரமும் ஒரு கணக்கு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அடிவாரத்து வத்தலக்குண்டில் படகை முழுசாக ஊதி, வண்டி மேல் கட்டிக்கொண்டு காட்ரோடு வழியாக மேலே வந்தீர்கள் என்றால், ஒன்றும் செய்யாமலே உள்ளே இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் கூடியிருக்கும். தையல் விட்டுவிடும். எப்போதும் தண்ணீர்க் கரையில் வைத்து ஊதுங்கள். திரும்பும்போது காற்றைப் பிடுங்கிவிட்டு இறங்குங்கள்.

ஆகவே தாங்கியை இறுகப் பூட்டக் கூடாது. அவ்வப்போது இழுத்துவிடக் கூடிய பட்டையால் கட்ட வேண்டும். என் முறை இது. படகை ஊதி, தண்ணீரில் இறக்கி, பத்து நிமிடம் விட்டுவிடுவேன். தளர்ந்த அளவுக்குத் திரும்பக் காற்று. அப்புறம்தான் தாங்கி. முன்குறுக்குப் பைப்பின் ஒரு முனையிலிருந்து நைலான் பட்டை ஒன்று படகின் அடிவயிறு வழியாகச் சுற்றி மறுமுனைக்கு வருகிறது. முன்முனை எழும்பாமல் பிடிப்பது இதுதான். பின்பலகையின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு குட்டைப் பட்டைகள் படகின் துடுப்பு வளையங்களுக்குப் போகின்றன. ரிவர்ஸில் பலகை விலகாமல் பிடிப்பவை இவை. மூன்றிலும் அழுத்தினால் விடும் சாதாரண பக்கிள்.

லாரிக்காரர்கள் கட்டும் ராட்செட் பெல்ட் வேண்டாம். அதன் பலம் தெரியாமல் இரண்டு கிளிக் அதிகம் போட்டால் படகு மொச்சைக்காய் மாதிரி நடுவில் ஒடுங்கிவிடும். கட்டு போதுமா என்பதற்கு என் அளவுகோல்: பட்டைக்கும் பைக்கும் நடுவில் இரண்டு விரல் சிரமப்பட்டு நுழைய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நுழைத்துப் பாருங்கள்.

அடிவயிற்றுப் பட்டையில் பாசி மாட்டும். அது உண்மைதான். வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடிவயிற்றுப் பட்டைக்குப் பதில் வளையம் ஒட்டிக்கொள்ளலாமா?

ஒட்டலாம், பசை சரியாக இருந்தால். பஞ்சர் கடை சொலூஷன் பிவிசியில் பிடிக்காது, அது ரப்பருக்கு. பிவிசி படகுக்கென்று வரும் பாலியூரித்தேன் பசை வேண்டும், அதிலும் கடினமாக்கி கலக்கும் இரட்டைப் பசை. ஒட்டி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். மழைக்காலத்தில் நம் ஊர் ஈரக்காற்றில் ஒட்டாதீர்கள், நிற்காது. மெல்லிய வினைல் படகாக இருந்தால் ஒட்டு நிற்கும், தோல் கிழியும். அதற்குப் பட்டையே மேல்.

உங்கள் முதல் தாங்கிக்கு என்ன ஆயிற்று?

பார்த்தவர்கள் சொல்லிச் சிரித்தாகிவிட்டது, நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டறையில் கொடுத்து வெல்டு வைத்தேன். 40 செ.மீ. கைதான். பைப்பு முனைகளை மூடச் சொல்லவில்லை, அவரும் மூடவில்லை. மோட்டாரைப் போட்டேன், படகு கிளம்பியது, மகன் கரையிலிருந்து கைதட்டினான். முழு வேகம் வைத்ததும் தாங்கியின் முன்முனை மெதுவாக எழும்பி என் முழங்காலைத் தொட்டது. நான் பதறிப்போய் அதைக் கீழே அமுக்கினேன். அமுக்கிய வேகத்தில் அறுத்த பைப்பின் முனை பக்கப் பையில் சதக்கென்று இறங்கியது. மோட்டாரை நிறுத்தத் தோன்றவே இல்லை. மறு அறையில் காற்று இருந்ததால் அரைகுறையாக மிதந்து, ஒரு கையால் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தேன். ஆகாயத்தாமரை நன்றாகத் தாங்கிப் பிடித்தது, அன்றைக்கு அதைத் திட்டவில்லை.

அன்றிலிருந்து: எல்லாப் பைப்பு முனைக்கும் எண்ட் கேப். வெல்டு மேடுகளை அரம் போட்டு மழுக்குதல். தாங்கி படகைத் தொடும் இடமெல்லாம் பழைய லாரி டியூபை இரண்டு மடிப்பாக வெட்டிச் சுற்றுதல். துணியோ சாக்கோ சுற்றாதீர்கள். மண் துகள் உள்ளே புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

பேட்டரி? இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா?

வீட்டில் இருக்கும் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். அதை இறக்குவதற்குள் படகின் ஆசையே போய்விடும். அமிலம் சாய்ந்தால் இன்னொரு வினை. கார் பேட்டரி எடை குறைவு, ஆனால் வண்டியைக் கிளப்ப ஒரு நொடி மின்சாரம் கொடுக்கப் பிறந்தது. காலி ஆகும்வரை உறிஞ்சினால் சில மாதத்தில் படுத்துவிடும். நான் வைத்திருப்பது 50 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எடை ஆறு கிலோ சொச்சம். 30 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். அந்தக் கணக்கில் ஒன்றரை மணி நேரம். பாதி வேகத்தில் 10, 12 ஆம்பியர்தான், நான்கு மணி நேரம் வரும். குட்டை வேலைக்கு பாதி வேகமே அதிகம்.

கொடைக்கானல், ஊட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழி, தையில் உறைபனி விழும் இரவுகளில் லித்தியம் பேட்டரியை வெளிக்கொட்டகையில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, அதன் குளிர் விட்டபிறகு போடுங்கள்.

பேட்டரியின் இடம் படகின் முன்பக்கம். மோட்டாரும் நீங்களும் பின்னால் இருந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பெட்டியையும் கட்டிவிடுங்கள்.

வீட்டு வயரிங் மீதியில் இணைத்தால் ஓடுமா?

ஓடும், சூடாகும். பேட்டரி முன்னால், மோட்டார் பின்னால் என்றால் போக வர 5 மீட்டர் வயர். 2.5 சதுர மி.மீ. வயரில் 30 ஆம்பியர் போனால் வழியிலேயே ஒரு வோல்ட் தொலையும். 12 வோல்ட்டில் அது சிறிசல்ல. 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு ஆறில் ஒன்றாகிவிடும். வெல்டிங் கேபிள் கிடைத்தால் அருமை, வளைந்து கொடுக்கும். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே 50 ஆம்பியர் டிசி (நேர் மின்னோட்ட) பிரேக்கர் வைத்துவிடுங்கள். வீட்டு எம்சிபி மாற்று மின்னோட்டத்துக்கானது. நேர் மின்னோட்டத்தில் சில நேரம் தீப்பொறி அணையாமல் நிற்கும்.

விசிறி எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும்?

விசிறியின் மேல்நுனி தண்ணீருக்கு ஒரு சாண் கீழே. அதற்கு மேலே வந்தால் காற்றை இழுக்கும். அடியில் தரை ஒரு முழமாவது விலகியிருக்க வேண்டும். வேலம்பாசி சுற்றிக்கொண்டால் சத்தம் மாறும், உடனே நிறுத்திவிட்டு மோட்டாரைத் தூக்கிப் பாசியைப் பிரிக்கவும், பிரேக்கரை அணைத்த பிறகு. விரல் முக்கியம்.

களைவெட்டி மெஷின் இரண்டு இருக்கிறது. அதற்கு விசிறி மாட்டும் குழாய் விற்கிறார்களாமே?

கூடலூரிலிருந்து ஒருவர் கேட்டார். தோட்டக்காரர்களுக்கெல்லாம் வரும் யோசனை இது, எனக்கும் வந்தது. மரப்படகிலோ ஃபைபர் படகிலோ செய்து பார்க்கலாம். ரப்பர் படகில் வேண்டாம். சைலன்சர் சூடு பையில் பட்டால் ஓட்டைதான். பெட்ரோல் சொட்டினால் பிவிசியும் அதன் ஒட்டும் இளகும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் நடுக்கத்தில் தாங்கி கால் மணி நேரத்தில் இடம் மாறும். பெட்ரோல் எஞ்சின் உயரத்தில் திணறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 300 மீட்டர் ஏற ஏற சுமார் 3 சதவீதம் பலம் குறையும், 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். மின்மோட்டாருக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

இதை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் ஏரியில் இறங்கலாமா?

கூடாது. அது 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி, அறுபது ஏக்கர். பார்த்தால் எல்லோருக்கும் இறங்கத்தான் தோன்றும். அங்கே இருக்கிற படகில் காசு கொடுத்து ஏறிக்கொள்ளுங்கள். பேரிஜம் பக்கம் படகு பேச்சே எடுக்காதீர்கள். உள்ளே போவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும், பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் போகிற இடம். மன்னவனூரில் பரிசல் ஓட்டுகிறார்கள், அதில் சுற்றுங்கள். நீலகிரியில் பைக்காராவில் மோட்டார் படகு ஓடுகிறதே என்பார்கள். ஓட்டுவது சுற்றுலாக் கழகம், நாமல்ல. எமரால்டு, அவலாஞ்சி எல்லாம் குந்தா மின்திட்டத்தின் நீர்த்தேக்கங்கள்.

மொத்தத்தில், யார் தண்ணீரோ அவர்கள் எழுத்தில் கொடுத்த அனுமதி வேண்டும். பொது நீர்நிலையில் மோட்டார் வைத்த படகு என்றால் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 என்று ஒன்று இருக்கிறது, பதிவு செய்வது பற்றிப் பேசுகிறது. நான் என் குட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

செலவு?

படகு, மோட்டார், பேட்டரி நீங்கலாக, மூன்றாவது தாங்கிக்கு மட்டும் எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் இரண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

முதல் ஓட்டத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

லைஃப் ஜாக்கெட், நீச்சல் தெரிந்தாலும். மலைக் குட்டைத் தண்ணீரின் குளிர் கையைச் சீக்கிரம் மரத்துப்போகச் செய்யும், நீச்சல் மறந்துவிடும். மோட்டாரை ஒரு தனிக் கயிற்றால் படகோடு கட்டுங்கள். கிளாம்ப் விட்டாலும் அது குட்டைக்குள் போகாது. துடுப்பைக் கரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

முதலில் ஆளில்லாமல் படகை இரண்டு நீளக் கயிற்றால் கரை மரத்தில் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் பக்கத்தில் நின்றுகொண்டு, மோட்டாரை ஐந்து நிமிடம் முன்னோக்கி, ஐந்து நிமிடம் பின்னோக்கி முழு வேகத்தில் ஓட விடுங்கள். நகர முடியாத படகில்தான் தாங்கிக்கு முழுப் பாரமும் ஏறும். கைகளின் முன்முனை இரண்டு விரலுக்கு மேல் எழும்பினால் அடிவயிற்றுப் பட்டையைப் பாருங்கள். பலகை விலகினால் பின்பட்டைகள். எங்கேயாவது டியூப் ரப்பர் நழுவியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு ஆள் ஏறலாம், அப்போதும் கரைக் கயிறு இருக்கட்டும்.

நேரம் காலை ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் பத்தடியில் கரை தெரியாது. விடியற்காலையும் வேண்டாம், எங்கள் குட்டைக்கு அந்த நேரத்தில் காட்டு மாடு தண்ணீர் குடிக்க வரும். மோட்டார் சத்தம் கேட்டு அது கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததில், ஒருநாள் நான் முக்கால் மணி நேரம் நடுக்குட்டையில் உட்கார்ந்திருந்தேன்.